பெயரைக் கேட்பதற்கு முன்

(நம் அறக்கட்டளையின் குடும்பச் சந்திப்பில் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

மூன்று திரைப்படங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "நம் சந்திப்பில் சினிமாவா?" என்று சிலருக்குத் தோன்றலாம். படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்பதை நம் ஆலிம்கள் சொல்லட்டும்; அந்த இடத்தில் நான் கால் வைக்கவில்லை. படம் பார்க்காதவர்களைப் பார்க்கச் சொல்வதற்காகவும் வரவில்லை. ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. அவர்கள் எதையோ பார்க்கிறார்கள், தனியாகப் பார்க்கிறார்கள். பார்த்ததைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேசுவதில்லை. அவர்கள் பார்ப்பதில் நல்லதும் இருக்கிறது. அந்த நல்லதை எடுத்துவைத்துப் பேசினால் நமக்கும் பயன், அவர்களுக்கும் பயன்.

எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தோழி இருக்கிறாள். நாங்கள் இருவரும் ஒரு படத்தைப் பார்த்தால் அதைப் பற்றி ஒரு வாரம் பேசுவோம். பெரும்பாலும் ஒத்துப்போக மாட்டோம். நான் அழுத இடத்தில் அவளுக்குக் கோபம் வரும். அவள் அழுத இடத்தில் எனக்குக் கேள்வி வரும். இந்த மூன்று படங்களிலும் அப்படித்தான் ஆனது. அவள் சொன்னதையும் நான் சொன்னதையும் உங்கள் முன் வைக்கிறேன். யார் சொன்னது சரி என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதல் படம் 'அயோத்தி'. 2023 மார்ச் மாதம் வந்தது. இயக்கியவர் ஆர்.மந்திரமூர்த்தி, நடித்தவர் சசிகுமார். கதை நடக்கும் இடம் நமக்குப் புதிதல்ல. மதுரையிலிருந்து ராமேசுவரம் வரும் சாலை. உத்தரப்பிரதேசத்தின் அயோத்தியிலிருந்து ஒரு குடும்பம் தீபாவளிச் சமயத்தில் ராமேசுவரம் யாத்திரை வருகிறது. அப்பா, அம்மா, வயது வந்த மகள், சின்ன மகன். அப்பா கடுமையான மனிதர். வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். காரில் வரும்போது ஓட்டுநரோடு தகராறு செய்கிறார். விபத்து நடக்கிறது. அம்மா இறந்துவிடுகிறார்.

ஊர் தெரியாது. மொழி தெரியாது. பண்டிகை நாள் என்பதால் அலுவலகங்கள் திறந்திருக்கவில்லை. உடலை விமானத்தில் ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு இன்ன தாள் வேண்டும், இன்ன கையெழுத்து வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள். பிரேதப் பரிசோதனை கூடாது என்று அந்த அப்பா பிடிவாதம் பிடிக்கிறார். கார் ஓட்டுநரின் நண்பராக வரும் ஒருவர் இந்தக் குடும்பத்துக்காக ஓடுகிறார். காவல் நிலையம், மருத்துவமனை, விமான நிறுவனம் என்று நாள் முழுதும் அலைகிறார். அவர் பெயரை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசியில், விமான நிலையத்தில், அந்த அப்பா பெயரைக் கேட்கிறார். "அப்துல் மாலிக்" என்கிறார்.

அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. என் தோழிக்குக் கோபம் வந்தது.

"ஏன் புள்ள, நம்ம ஆளு நல்லவன்னு காட்டணும்னா ஒரு நாள் பூரா பொணத்துக்குப் பின்னாடி ஓடணுமா? மத்தவங்க சும்மா இருந்தாலே நல்லவங்க. நாம மட்டும் ஒவ்வொரு தடவையும் சான்றிதழ் எடுத்துக் காட்டணுமா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியை நான் லேசாகத் தள்ளவில்லை. நம்மில் பலருடைய மனசில் இருக்கிற கேள்வி அது. வாடகைக்கு வீடு தேடும்போது பெயரைச் சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதைப் பார்த்தவர்கள் இந்த அரங்கத்தில் இருப்பீர்கள். அந்த வலியிலிருந்து அவள் பேசினாள்.

நான் அவளிடம் சொன்னது இது. "அந்தப் பெயரை அவர் முதலிலேயே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த அப்பா உதவியை வேண்டாம் என்று சொல்லியிருப்பார். மையத்து அங்கேயே கிடந்திருக்கும். பிள்ளைகள் திண்டாடியிருக்கும். அந்த நேரத்துக்கு அவர் பெயரா முக்கியம்? வேலை நடக்க வேண்டும். அதனால் சொல்லவில்லை. கடைசியில் அவராகச் சொல்லவில்லை, கேட்டார், சொன்னார். இதில் சான்றிதழ் எங்கே இருக்கிறது?"

"அவர் காட்டல. படம் எடுத்தவங்க காட்டுறாங்க" என்றாள்.

அதுவும் சரிதான். இந்த விவாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.

ஆனால் அதே படத்தில் நாங்கள் இருவரும் ஒத்துப்போன ஓர் இடம் உண்டு. அம்மா போன பிறகு அந்த மகள் அப்பாவைப் பார்த்துக் கதறுகிறாள். உயிரோடு இருந்தபோது அம்மாவை எப்படி நடத்தினாய் என்று கேட்கிறாள். அதுவரை வாய் திறக்காத பெண் அவள். அந்தக் காட்சி அயோத்திக்காரருக்கு மட்டும் சொன்னதல்ல. மனைவியின் குரலே கேட்காத வீடுகள் நம் தெருவிலும் உண்டு. தொழுகை, நோன்பு எல்லாம் சரியாக இருக்கும். வீட்டுக்குள் வந்தால் எல்லோரும் நடுங்குவார்கள். தம் குடும்பத்தாரிடம் நல்லவராக இருப்பவரே உங்களில் சிறந்தவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்திருக்கிறார்கள். மௌத்துக்குப் பிறகு அழுவது அதற்கு ஈடாகாது.

இரண்டாவது படம் மலையாளப் படம். 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'. 2018இல் வந்தது. இயக்கியவர் ஸக்கரியா. மூன்றில் இதுதான் பழையது. என் தோழிக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். மலப்புறத்தில் 'செவன்ஸ்' என்ற கால்பந்து ஆட்டம் நடக்கும். ஓர் அணிக்கு ஏழு பேர். அதற்கு ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வீரர்களைக் கூட்டிவருவார்கள். அப்படி ஓர் அணியை நடத்தும் மஜீத் என்ற ஏழை இளைஞன்தான் கதாநாயகன். சௌபின் ஷாஹிர் நடித்திருக்கிறார். அவனுடைய அணியில் விளையாட வந்த நைஜீரிய இளைஞன் சாமுவேல் அடிபட்டுப் படுத்துவிடுகிறான். மருத்துவமனையில் வைத்துப் பார்க்கக் காசில்லை. மஜீத் அவனைத் தன் வீட்டுக்கே கொண்டுவந்து படுக்கவைக்கிறான்.

பிறகு படம் அந்த வீட்டுத் தாய்மாருடையதாகிவிடுகிறது. மஜீதின் உம்மாவும் பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒருவரும் சாமுவேலைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. அவனுக்கு மலையாளம் தெரியாது. அவன் கிறிஸ்தவன். கையால் காட்டி, கண்ணால் கேட்டு, சோறு ஊட்டி, பக்கத்தில் உட்கார்ந்து அவனைத் தேற்றுகிறார்கள். சாவித்ரி ஸ்ரீதரன், சரசா பாலுசேரி என்ற இரண்டு மூத்த நாடக நடிகைகள் அந்த உம்மாமார்களாக நடித்திருக்கிறார்கள். நம் பெரியம்மாவையும் குப்பியையும் அப்படியே கொண்டுவந்து நிறுத்தியது போல இருக்கும்.

என் தோழி சொன்னாள்: "இதுல யாரும் யாருக்கும் எதையும் நிரூபிக்கல. ஒருத்தன் வீட்டுக்கு வந்து படுத்துட்டான், பார்த்துக்கிறாங்க. அவ்வளவுதான். இதுதான் நம்ம வீடு."

எனக்கும் படம் பிடித்தது. ஆனால் எனக்கு உறுத்தியது வேறொன்று. அந்த மஜீத், முன்பின் தெரியாத ஒருவனுக்காக இவ்வளவு செய்கிறான். ஆனால் தன் உம்மாவை மறுமணம் செய்துகொண்ட மனிதரை ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் இவன் முகம் கொடுப்பதில்லை. உம்மா நடுவில் கிடந்து தவிக்கிறார். அந்நியனுக்குத் திறந்த வீடு, அந்த மனிதருக்குத் திறக்கவில்லை. படம் முடிவதற்குள் அவன் மாறுகிறான். விதவைக்கும் தலாக் ஆனவருக்கும் மறுமணம் நம் மார்க்கம் தந்த உரிமை. அதை வாயால் சொல்வோம். பிள்ளைகள் மனதளவில் ஏற்றுக்கொள்வார்களா என்பது வேறு. தாயின் இரண்டாவது வாழ்க்கையை ஏற்காமல் அவரை அழவைக்கும் பிள்ளைகள் நம் ஊரில் இல்லை என்று சொல்ல முடியுமா? "வெளியில் தர்மம், வீட்டில் வன்மம், இது எப்படி?" என்று நான் கேட்டதற்கு, "அதைத்தானே படமும் கேட்குது!" என்று சிரித்தாள்.

படத்தின் பெயரையும் கவனியுங்கள். அவன் நைஜீரியாக்காரன். ஆனால் ஆப்பிரிக்காவிலிருந்து யார் வந்தாலும் அந்த ஊர்க்காரர்கள் 'சுடானி' என்றுதான் கூப்பிடுவார்கள். 'நான் சூடான் இல்லை, நைஜீரியா' என்று அவன் சொன்னாலும் அந்தப் பெயர் மாறுவதில்லை. கெட்ட எண்ணத்தில் அல்ல, பழக்கத்தில் வந்தது. நாமும் அப்படித்தானே? ஹோட்டலில் தட்டு கழுவும் பையன் ஒடிசாவோ, பீகாரோ, அசாமோ. நமக்கு எல்லோரும் 'வடக்கன்'தான். மாதக்கணக்கில் நம் கடையில் வேலை செய்கிறான். பெயர் என்னவென்று கேட்டால் தெரியாது. நம் பெயருக்காக நம்மை ஒதுக்கினால் வலிக்கிறது. அடுத்தவனுக்குப் பெயரே இல்லாமல் ஆக்கினால் அவனுக்கும் வலிக்கும்.

மூன்றாவது படம் 'ஹோம்பவுண்ட்'. வீடு நோக்கிப் போகிறவர்கள் என்று பொருள் கொள்ளலாம். ஹிந்திப் படம், இயக்கியவர் நீரஜ் கேவான். 2025 மே மாதம் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். செப்டம்பரில் நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு வந்தது. ஆஸ்கர் விருதுக்கு இந்தியா சார்பில் அனுப்பப்பட்ட படமும் இதுதான்.

இது நடந்த சம்பவத்தை வைத்து எடுத்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கு உங்களுக்கு நினைவிருக்கும். பிழைக்கப் போன ஊரில் வேலையில்லாமல், கூலியில்லாமல், இலட்சக்கணக்கானவர்கள் நடந்தே ஊர் திரும்பினார்கள். அந்த மே மாதம் ஒரு புகைப்படம் நாடெங்கும் பரவியது. சாலையோரத்தில் ஓர் இளைஞன் மயங்கிக் கிடக்கிறான். இன்னோர் இளைஞன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கிடந்தவன் தலித் இளைஞன். மடியில் தாங்கியவன் முஸ்லிம் இளைஞன். உத்தரப்பிரதேசத்தில் இருவரும் ஒரே ஊர். சூரத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பத்திரிகையாளர் பஷாரத் பீர் அவர்களைப் பற்றி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். அதிலிருந்து பிறந்த கதைதான் இந்தப் படம்.

படத்தில் அவர்கள் ஷுஐப், சந்தன். இஷான் கட்டரும் விஷால் ஜெத்வாவும் நடித்திருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே ஆசை: போலீஸ் வேலை. காக்கிச் சட்டை போட்டுவிட்டால் யாரும் நம்மைக் கேவலமாகப் பார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. சந்தன் தன் சாதியைச் சொல்லக் கூசி, இடஒதுக்கீட்டில் விண்ணப்பிக்காமல் பொதுப் பிரிவில் விண்ணப்பிக்கிறான். ஷுஐபுக்கு ஓர் அலுவலகத்தில் வேலை கிடைக்கிறது. கிரிக்கெட் பார்க்கக் கூடிய இடத்தில் அவனை வைத்துப் பேசும் கேலி அவன் நெஞ்சைக் கிழிக்கிறது. இருவரும் ஊரைவிட்டுப் பிழைக்கப் போகிறார்கள். ஊரடங்கு வருகிறது. திரும்பும் வழியில் சந்தனுக்குக் காய்ச்சல். நோய்க்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்குகிறார்கள். ஷுஐப் அவனை விட்டுப் போகவில்லை. மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் படத்தில் எங்கள் இடம் மாறிவிட்டது. நான்தான் கேட்டேன்: "இவ்வளவு சோகத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? நடந்ததை மாற்ற முடியுமா? பார்த்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதனால் யாருக்கு என்ன பயன்?"

என் தோழி சொன்னாள்: "அயோத்தியில உதவினவருக்கு வீடு இருக்கு, ஊர் இருக்கு, நண்பர்கள் இருக்காங்க. சுடானியில உம்மாவுக்கு அடுப்பு இருக்கு, பாய் இருக்கு. இந்தப் பையன்கிட்ட ஒண்ணுமே இல்ல. அவனும் நடுரோட்டுல நிக்கிறவன்தான். மடி ஒண்ணுதான் இருந்துச்சு. அதைக் கொடுத்தான். வசதி வந்தா செய்வேன்னு சொல்றவங்க எல்லாரும் இதைப் பார்க்கணும்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கொரோனாக் காலத்தில் நம் தமிழ்நாட்டிலும் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைகளே கிட்டே வரப் பயந்த நேரத்தில், பல ஊர்களில் முஸ்லிம் அமைப்புகளின் இளைஞர்கள் பாதுகாப்பு உடை அணிந்து, எந்தச் சமயத்தவர் உடலானாலும் அவரவர் முறைப்படி அடக்கமோ தகனமோ செய்ய உதவினார்கள். அதை அவர்கள் படம் எடுப்பார்கள் என்று நினைத்துச் செய்யவில்லை.

அன்பானவர்களே, மூன்று படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் பட்டது. மூன்றிலும் விழுந்து கிடப்பவர் வழிப்போக்கர். யாத்திரை வந்தவர், விளையாட வந்தவர், பிழைக்கப் போனவர். எல்லோரும் முஸாஃபிர். மூன்றிலும் பெயர் ஒரு சிக்கலாக இருக்கிறது. ஒருவர் பெயர் கடைசியில்தான் தெரிகிறது. ஒருவனுக்குத் தவறான பெயர் ஒட்டிக்கொள்கிறது. இருவருக்குப் பெயரே பாரமாக இருக்கிறது. ஆனால் உதவி நடந்த இடங்களில் பெயர் குறுக்கே வரவில்லை.

குர்ஆனில் அன்னிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனத்தில் யாருக்கெல்லாம் நன்மை செய்ய வேண்டும் என்று அல்லாஹ் வரிசைப்படுத்துகிறான். பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் என்று வரும் அந்த வரிசையில் வழிப்போக்கரும் இருக்கிறார். ஜகாத் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைச் சொல்லும் தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்திலும் வழிப்போக்கர் இருக்கிறார். சொந்த ஊரில் வசதியானவராக இருந்தாலும், வழியில் கையறுந்து நின்றால் அவருக்கும் பங்கு உண்டு என்று மார்க்க அறிஞர்கள் விளக்குகிறார்கள். நம் பைத்துல்மால் கணக்கில் கல்வி உதவி இருக்கிறது, மருத்துவ உதவி இருக்கிறது, திருமண உதவி இருக்கிறது. வழிப்போக்கருக்கென்று ஒரு தலைப்பு இருக்கிறதா? ஜகாத்தை யாருக்குக் கொடுக்கலாம் என்பதில் விதிகள் உண்டு. அதை நம் ஆலிம்களிடம் கேட்டுச் செய்வோம். எல்லோருக்கும் செய்ய ஸதகாவின் வாசல் திறந்தே இருக்கிறது.

என் தோழியின் முதல் கேள்விக்கும் எனக்கு ஒரு பதில் கிடைத்தது. ஒருமுறை நபி (ஸல்) அவர்கள் இருந்த இடத்தைக் கடந்து ஒரு ஜனாஸா போனது. அவர்கள் எழுந்து நின்றார்கள். அது ஒரு யூதருடைய ஜனாஸா என்று சொல்லப்பட்டது. அதுவும் ஓர் உயிர்தானே என்று கேட்டார்கள். புகாரி நூலில் பதிவான செய்தி இது. அங்கே யாரிடமிருந்தும் நற்சான்று எதிர்பார்க்கவில்லை. நம் வேலையும் அப்படித்தான். பிறர் நம்மை ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் அது நம் மேல் உள்ள கடமை. இதை அவளிடம் சொன்னபோது, "அப்படின்னா சரி. படத்துக்காக இல்ல, இதுக்காக ஒத்துக்கிறேன்" என்றாள்.

நம் மாவட்டத்துக்கு இதில் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. காசிக்குப் போனவர் ராமேசுவரத்துக்கும் வர வேண்டும் என்பது வடநாட்டு மக்களின் நம்பிக்கை. ஆண்டு முழுவதும் வந்துகொண்டே இருக்கிறார்கள். இந்தச் சாலையில்தான் போகிறார்கள். அந்த யாத்ரீகர்களுக்கும் நம்மவர்களுக்கும் உறவு புதிதல்ல. குடியரசுத் தலைவராக இருந்த மர்ஹூம் அப்துல் கலாம் அவர்களின் தந்தை ஜைனுலாப்தீன் அவர்கள் ராமேசுவரத்தில் படகு கட்டி, தனுஷ்கோடி போகும் யாத்ரீகர்களை ஏற்றிச் சென்றவர். பள்ளிவாசலில் தொழவைத்தவரும் அவரே.

நம் மஹல்லாவில் ஒரு மௌத்து நடந்தால் என்ன ஆகிறது? பள்ளிவாசலில் அறிவிப்பு வருகிறது. குளிப்பாட்ட ஆள் வருகிறது. கபன் துணி வருகிறது. சந்தூக் வருகிறது. கபர் தோண்ட இளைஞர்கள் போகிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சாப்பாடு வருகிறது. வீட்டுக்காரர் அழுதால் போதும். மற்றதெல்லாம் தானாக நடக்கிறது. வெளியூர்க்காரருக்கு அதில் ஒன்றுகூடக் கிடையாது. அழக்கூட நேரமில்லாமல் தாளுக்காக அலைய வேண்டும்.

எனவே சில செய்திகளை நாம் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்வோம்.

சாலை விபத்து என்றால் உடனே 108. நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணையும் அழைக்கலாம். தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், நம் மாநில எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரம் சிகிச்சை கட்டணமில்லை. அவர் எந்த மாநிலத்துக்காரர் என்பது கணக்கில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இது உண்டு. 2021இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. வெளிமாநிலத்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

உதவப் போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமே என்ற பயம் வேண்டாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்பு தருகிறது. அவர் தன் பெயரைக்கூடச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. இதைச் சொன்னபோது என் தோழி, "அப்போ அப்துல் மாலிக் சட்டப்படிதான் நடந்திருக்காரு" என்றாள்.

விபத்தில் இறந்தால் காவல்துறை விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் சட்டப்படி நடக்க வேண்டியவை. அதைத் தடுக்க நினைத்து நேரத்தை வீணாக்காமல், விரைவாக முடித்துத் தரக் கேட்பதே வழி. விமானத்தில் உடலை அனுப்ப மருத்துவரின் இறப்புச் சான்று, காவல்துறையின் தடையில்லாச் சான்று, உடல் கெடாமல் பதப்படுத்தியதற்கான சான்று, முறையாக மூடிய பெட்டி, இறந்தவர் மற்றும் உடன் செல்பவரின் அடையாள அட்டை நகல்கள் ஆகியவை தேவைப்படும். விமான நிறுவனத்தின் சரக்குப் பிரிவில் முதலிலேயே பேசி, அவர்கள் கேட்பதை எழுதிவாங்கிக்கொண்டால் இரண்டு முறை அலைய வேண்டாம்.

இன்னொன்று. இறப்பை எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் பதிய வேண்டும், 21 நாட்களுக்குள். இது தெரியாமல் ஊர் போய்ச் சேர்ந்து, பிறகு சான்றிதழுக்காக இங்கே திரும்பி வந்து அலைபவர்கள் உண்டு. அவர்கள் கிளம்புமுன் பதிவுக்கு ஏற்பாடு ஆகிவிட்டதா என்று ஒருவர் கேட்டால் போதும். பெரிய அலைச்சல் மிச்சம்.

இனி, பெண்களாகிய நமக்கு. சுடானி படத்து உம்மாமார்கள் செய்த வேலை நம்முடையது. மருத்துவமனை வராந்தாவில் ஒரு பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் போய் உட்காருவோம். மொழி தெரியவில்லை என்று நிற்க வேண்டாம். தண்ணீர் கொடுக்க மொழி வேண்டாம். யாத்திரை வந்தவர்கள் பலர் சைவம் மட்டுமே சாப்பிடுவார்கள். நம் வீட்டுச் சமையலைத் தயங்குபவர்களும் இருக்கலாம்; அதற்கு மனம் கோணாமல் பழமும் ரொட்டியும் வாங்கிக் கொடுக்கலாம். போனுக்கு சார்ஜ் ஏற்ற இடம் கொடுக்கலாம். கழிவறைக்குத் துணை போகலாம். படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடாமல் இருக்கலாம். அதுவும் ஓர் உதவிதான்.

நம் அறக்கட்டளை நிர்வாகிகளுக்கு எங்கள் இருவர் சார்பிலும் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, பைத்துல்மாலில் வழிப்போக்கர் உதவி என்று ஒரு தலைப்பைத் தொடங்குங்கள்; சிறிய தொகையானாலும் போதும். இரண்டு, நான் சொன்ன சான்றுகளின் பட்டியலைத் தமிழிலும் ஹிந்தியிலும் ஒரே தாளில் அச்சடித்துத் தன்னார்வலர்களிடம் கொடுங்கள். வெளிநாட்டில் வேலை பார்த்துவிட்டு வந்த நம் சகோதரர்கள் பலருக்கு ஹிந்தி பேச வரும். அவர்களில் ஐந்து பேர் எண்ணாவது அந்தத் தாளில் இருக்கட்டும். மூன்று, இரவில் கூப்பிட்டாலும் மருத்துவமனைக்கு வரத் தயாரான பெண்களின் பட்டியல் ஒன்றைத் தயார் செய்யுங்கள். அதில் முதல் இரண்டு பெயர்கள் எங்களுடையவை.

வீட்டில் உங்கள் பிள்ளைகள் ஏதாவது படம் பார்த்துக் கண் கலங்கினால், எதற்காக அழுதாய் என்று கேளுங்கள். அந்தக் கண்ணீர் யாருக்காக வந்ததோ, அப்படி ஒருவர் நம் தெருமுனையிலும் இருக்கலாம் என்று சொல்லுங்கள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

வழியில் தவிப்பவரின் பெயரைக் கேட்பதற்கு முன் அவர் கையைப் பிடிக்கும் மனதை அல்லாஹ் நமக்குத் தருவானாக. நம் வீட்டுக்குள் இருப்பவர்களிடமும் அதே மென்மையோடு நடக்க அருள்புரிவானாக. பிழைப்புக்காகக் கடல் கடந்து போயிருக்கும் நம் பிள்ளைகள் ஏதாவது ஊரில் தனித்து நிற்கும்போது, அவர்கள் பெயரைக் கேட்காமல் கை கொடுக்கும் நல்லவர்களை அவர்களுக்கும் அனுப்புவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.